நான் வாசிக்காத ஓடு

கிரேக்க நகர அரசுகள் பாடத்தைச் சுவாரசியமாக நடத்துவது எப்படி என்று போன வாரம் உங்களில் இரண்டு பேர் என்னைக் கேட்டீர்கள். படம் காட்டலாமா, நாடகம் போடலாமா, மாணவர்களையே ஏதென்ஸ் சபை மாதிரி உட்காரவைத்து வாக்கெடுப்பு நடத்தலாமா என்று ஒரே உற்சாகம் உங்களுக்கு. நான் டீயைக் குடித்துவிட்டு, "பார்க்கலாம்" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். கிழவிக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டிருப்பீர்கள். தலைக்கனம் இருக்கிறதுதான், ஆனால் அன்றைக்கு எழுந்து போனதற்கு அது காரணம் இல்லை. அந்தப் பாடத்தை நானும் ஒருமுறை ரொம்பச் சுவாரசியமாக நடத்தியிருக்கிறேன். அதில் ஒருத்தன் தன் வேலையையும் வீட்டையும் விட்டுப் போகவேண்டியதாயிற்று. அவன் மேல் விழுந்த பழி என்னுடையது. அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போது வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாது. வகுப்பெடுக்கப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போனால் நல்லது.

எண்பத்தெட்டில் பர்மாவே கொதித்தெழுந்த பிறகு, பல்கலைக்கழகங்கள் திறந்திருந்த நாளைவிடப் பூட்டிக்கிடந்த நாள் அதிகம். என்னைப் போன்ற சரித்திர டியூட்டர்களைத் தபால் வழிப் படிப்புக்கு மாற்றினார்கள். ரங்கூனில், தின்கன்ஜூன் பேட்டையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில், சனிக்கிழமை மத்தியானம் வகுப்பு. வருகிறவர்கள் எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள். நர்ஸ், கிளார்க், கடைக்காரர் என்று இருபத்து மூன்று பேர். என்னை எல்லோரும் ஸயாமா என்றுதான் கூப்பிடுவார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் டீச்சர் என்று சொன்னதில்லை.

அதில் மூன்று பேரை நீங்கள் தெரிந்துகொண்டால் போதும். கோ லின் பர்மியப் பையன், அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவன், வாயைத் திறந்தால் கேள்விதான். அவன் பக்கத்தில் எப்போதும் உட்காருகிறவன் ஜமால். அவன் அப்பா நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். ஜமால் டவுனில் கடைப் பலகைகளுக்குப் பெயர் எழுதுவான். பர்மிய எழுத்தின் வட்டங்களை அவன் போடுகிற அழகைப் பார்க்கவே தெருவில் ஆள் நிற்கும். மூன்றாவது முத்தையா. தாகேதாவில் வார்டு ஆபீசில் டைப்பிஸ்ட். அவன் தாத்தாவும் என் தாத்தாவும் ஒரே ரயில்வே லைனில் கூலி வேலை பார்த்தவர்கள் என்று ஒருநாள் பேச்சுவாக்கில் தெரியவந்தது. அதிகம் பேசமாட்டான். ஏதென்ஸ் சபையைப் பற்றி நான் நடத்திய முதல் நாள் மட்டும், வகுப்பு முடிந்ததும் மேசைக்குப் பக்கத்தில் வந்து தமிழில் கேட்டான்.

"ஸயாமா, அந்த ஊர்ல நம்ம மாதிரி ஆளுங்க எங்க நின்னாங்க?"

"நம்ம மாதிரின்னா?"

"பொறந்தது அங்கதான். ஆனா வெளியூர்க்காரன்னு பேரு."

இருந்தார்கள் என்று சொன்னேன். தொழில் செய்தார்கள், வரி கட்டினார்கள், சண்டைக்கும் போனார்கள். சபைக் குன்றில் மட்டும் ஏற முடியாது. குடிமகன் ஒருத்தன் அவர்களுக்குப் பொறுப்பாளியாக நிற்க வேண்டும். முத்தையா தலையை ஆட்டிக்கொண்டான். "அப்ப அங்கயும் கீழதான்" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினான்.

வகுப்பு முடிந்ததும் நான் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். வந்தவர், வராதவர், பாடத்துக்கு வெளியே கேள்வி கேட்டவர் என்று மூன்று கட்டம். வகுப்புத் தலைவன் முத்தையாதான் அதை வாங்கி, வராந்தாக் கோடியில் இருந்த ஆபீசில் கொடுப்பான். உறையை ஒட்டப் பசை இருக்காது, மடித்துத்தான் கொடுப்பேன். அந்த மூன்றாவது கட்டத்தை நான் காலியாகவே விட்டுக்கொண்டிருந்தேன். காலியாக இருக்கக் கூடாது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் துறைத் தலைவரைப் பெரிய ஸயா என்போம். ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த பர்மியர். எப்போதும் வெற்றிலை, சட்டைப் பையில் கறை. அவரிடம் போய்ப் புலம்பினேன். என்னை வெளியே தண்ணீர்ப் பானைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய் நின்று சொன்னார்.

"அந்தக் கட்டத்துல உன் பேரை எழுது. 'ஆசிரியை சரியாக விளக்காததால் மாணவர்கள் கேள்வி கேட்டார்கள்' அப்படின்னு. நான் நாலு வருஷமா அதைத்தான் எழுதறேன். மேலே இருக்கறவங்க என்னை முட்டாள்னு நினைக்கறாங்க. நினைச்சிட்டுப் போகட்டும்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் கோ லின் அந்தக் கேள்வியைக் கேட்டான். "ஸயாமா, சபை கையைத் தூக்கி முடிவு பண்ணிடுச்சு. ஆனா தளபதிங்க, நாங்க வீட்டுக்குப் போகமாட்டோம்னு உட்கார்ந்துட்டாங்க. அப்ப ஜனங்க என்ன பண்ணுவாங்க?" தொண்ணூறில் நடந்த தேர்தலில் ஜெயித்தவர்களுக்கு ராணுவம் ஆட்சியைக் கொடுக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஏதென்ஸில் தளபதிகளையும் வருஷா வருஷம் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லிவிட்டு, அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். உள்ளுக்குள் எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா! பத்து வருஷம் கத்தியதில் ஒருத்தன் பாடத்தை உண்மையாகவே கேட்டிருக்கிறான்.

அந்தச் சந்தோஷம்தான் என்னைக் கெடுத்தது. படிவத்தை எடுத்தேன். பெரிய ஸயா சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் நான் சரியாக விளக்கவில்லை என்று என் கையால் எழுத மனசு வரவில்லை, அதுவும் அன்றைக்கு. மூன்றாவது கட்டத்தில், "கோ லின். சபை பற்றிய பாடத்தில் மிகுந்த ஆர்வம். ஆழமான கேள்விகள் கேட்கிறார்" என்று எழுதினேன். மார்க் ஷீட்டில் எழுதுகிற மாதிரி எழுதினேன். பாராட்டு! மடித்து முத்தையாவிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றான். ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தது. நான் குடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை உளவுத்துறை ஆட்கள் அச்சகத்துக்கு வந்து கோ லினைக் கூட்டிக்கொண்டு போனார்கள். வீட்டில் தேடியதில் ஏதேதோ காகிதங்கள் கிடைத்ததாகச் சொன்னார்கள். கிடைத்ததோ இல்லையோ, தேடப் போனதற்கு ஒரு காரணம் வேண்டுமே, அதை எழுதிக் கொடுத்தவள் நான். ஒருவேளை அவர்கள் வேறு வழியிலும் வந்திருக்கலாம். இத்தனை வருஷமாக அந்த ஒருவேளையைத் தடவிப் பார்த்திருக்கிறேன். அதில் பிடிமானம் ஒன்றும் இல்லை.

வகுப்பு செத்துப்போனது. யாரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் கண்கள் எல்லாம் முத்தையா பக்கம் போவதை நான் பார்த்தேன். வார்டு ஆபீசில் வேலை, அதாவது அரசாங்கத்தின் ஆள். சனிக்கிழமைதோறும் ஆபீசுக்குக் காகிதம் கொண்டுபோகிறவன். போதாக்குறைக்கு இந்தியன். அவன் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து இடம் காலியாகிவிட்டது. ஒருநாள் ஜமால் என்னைப் படிக்கட்டில் நிறுத்தினான். கண் சிவந்திருந்தது.

"அவன்தானே ஸயாமா? நீங்க சொல்லுங்க. அவன்தானே?"

"எனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. இப்போதும் என் காதில் அது தெளிவாகக் கேட்கிறது.

இந்த நிலைமையில் பாடத்திட்டத்தில் அடுத்து வந்தது பானை ஓட்டில் பெயர் கீறும் வாக்கெடுப்பு. உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். ஏதென்ஸில் ஆண்டுக்கு ஒருமுறை, யாரையாவது ஊரைவிட்டு அனுப்ப வேண்டுமா என்று சபையைக் கேட்பார்கள். வேண்டும் என்றால் வேறொரு நாள் குறிப்பார்கள். அன்று ஒவ்வொருவனும் உடைந்த பானை ஓட்டில் ஒரு பெயரைக் கீறிப் போடுவான். ஆறாயிரம் ஓடு சேர்ந்தால், அதிகம் பெயர் வந்தவன் போக வேண்டும். குற்றச்சாட்டு கிடையாது, விசாரணை கிடையாது, பேசவும் வாய்ப்புக் கிடையாது. கிளம்பப் பத்து நாள், வெளியே பத்து வருஷம். வீடு நிலம் அவனுடையதாகவே இருக்கும். பத்து வருஷம் முடிந்தால் வந்து தன் வீட்டில் மரியாதையோடு உட்காரலாம்.

செத்த வகுப்பை எழுப்ப வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஏதென்ஸ் முறைப்படியே முன்கூட்டி நாள் குறித்தேன். "அடுத்த சனிக்கிழமை ஆளுக்கு ஒரு ஓடு கொண்டுவாருங்கள். ஆணியால் பெயர் கீறிப் போடுவோம். கரும்பலகையில் இருக்கிற ஐந்து ஏதென்ஸ்காரர்களில் ஒருத்தர் பெயர் மட்டும். உயிரோடு இருக்கிற யார் பெயரும் கூடாது." எவ்வளவு ஜாக்கிரதை பாருங்கள்! ரங்கூனில் ஓட்டுக்குப் பஞ்சமா? தெருவுக்குத் தெரு வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பானை வைத்திருக்கிறோம், தினம் ஒன்று உடைகிறது. அந்த ஒரு வாரத்தில் வகுப்பு என்ன பேசிக்கொள்ளும் என்று நான் யோசிக்கவில்லை. ஏதென்ஸ்காரர்களும் நாள் குறித்துவிட்டு இடைவெளி விட்டது அந்தப் பேச்சுக்காகத்தான் என்று எனக்குப் புத்தகத்தில் தெரியும். புத்தகத்தில் மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

அன்று மழை. பத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். தகர டப்பாவில் ஓடுகளைப் போட்டார்கள். நான் மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துச் சத்தமாக வாசித்தேன். முதல் இரண்டும் ஏதென்ஸ்காரர்கள். மூன்றாவது, பர்மிய மரியாதைப்படி முன்னால் கோ போட்டு, "கோ முத்தையா."

யாரோ குறும்பு செய்கிறார்கள் என்று நினைத்து முறைத்துவிட்டு நாலாவதை எடுத்தேன். கோ முத்தையா. ஐந்தாவதும் அதேதான்.

பிள்ளைகளே, அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஓடுகளை வாரி டப்பாவில் போட்டுவிட்டு, பாடம் முடிந்தது, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் நிறுத்தவில்லை தெரியுமா? இந்த ஊரில் வாக்கை எண்ணிவிட்டு இல்லை என்று சொல்லிவிட்டார்களே, நானாவது எண்ண ஆரம்பித்ததை முழுசாக எண்ணுவேன் என்று ஒரு வீம்பு எழுந்தது. அந்த நிமிஷத்தில் அது எனக்கு வீரமாகக்கூடத் தோன்றியது. கண்ணுக்கு முன்னால் ஒருத்தனுக்கு நடந்துகொண்டிருந்தது என்ன என்று பார்க்காமல், நான் பெரிய ஜனநாயகவாதியாக வாசித்துக்கொண்டே போனேன்.

இன்னொன்றும் தெரிந்தது. ஏதென்ஸில் ஒரு பழைய கிணற்றில் குவியலாக ஓடுகள் கிடைத்தன, எல்லாவற்றிலும் ஒரே பெயர், எழுதிய கைகளோ சில பேருடையவை மட்டும். முன்னாடியே எழுதி வைத்து ஆட்களிடம் விநியோகம் செய்திருக்கிறார்கள். இதை முந்தின வாரம்தான் நான் வகுப்பில் சொல்லியிருந்தேன். இப்போது என் கையில் இருந்த ஓடுகளில் ஏழு ஒரே கையெழுத்து. ஆணியால் கீறினால்கூட அந்த வட்டங்களின் அழகு மறைய மாட்டேன் என்கிறது. நிமிர்ந்து பார்த்தேன். ஜமால் தலையைக் குனிந்துகொண்டான்.

அதற்கப்புறம் ஒரு ஓட்டை எடுத்தேன். பானையின் கழுத்துப் பகுதி, கொஞ்சம் வளைந்திருந்தது. அதில் பெயர் இல்லை. "ஸயாமா" என்று மட்டும் இருந்தது. டைப் அடிக்கிறவனின் நேரான, சின்ன எழுத்து.

படிவத்தை மடித்துக் கொடுத்த நாள், அவன் நின்ற அந்த ஒரு நிமிஷம், எல்லாம் சேர்ந்து என் கண் முன்னால் வந்தது. அவன் படித்திருக்கிறான். இத்தனை வாரமும் பக்கத்து இடம் காலியாகக் கிடக்க, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறான். நிமிர்ந்தேன். முத்தையா என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் இருந்ததா என்று கேட்டால், இல்லை. பரீட்சை எழுதிக் கொடுத்துவிட்டு மார்க்குக்குக் காத்திருக்கிற பிள்ளையின் முகம்.

"இதில் எழுத்து தெரியவில்லை" என்று சொல்லி, அந்த ஓட்டை என் பையில் போட்டுக்கொண்டேன்.

பதினோரு ஓட்டில் முத்தையா பெயர். முடிவை நான் அறிவிக்கவில்லை, தேவையும் இருக்கவில்லை. முத்தையா எழுந்து லுங்கியைச் சரிசெய்துகொண்டான். வகுப்புக்கு முன்னால், எல்லோருக்கும் புரிகிற மாதிரி பர்மிய மொழியில் என்னிடம் கேட்டான்.

"ஸயாமா, பத்து நாள் டைம் உண்டு இல்லையா?"

"உண்டு" என்றேன். பாடத்தில் சந்தேகம் கேட்டவனுக்குப் பதில் சொல்வது போலச் சொன்னேன்.

திங்கட்கிழமை என்னைப் பெரிய ஸயாவின் அறைக்குக் கூப்பிட்டார்கள். சாதாரண உடையில் இரண்டு பேர். ஒருவர் மரியாதையாகப் பேசினார், இன்னொருவர் பேசவே இல்லை. வகுப்பில் தேர்தல் நடத்தினீர்களாமே என்று கேட்டார். பாடப் புத்தகத்தை விரித்துப் பக்கத்தைக் காட்டினேன். இரண்டு தரம் தவறான பக்கம் வந்தது. பெரிய ஸயா வெற்றிலையை மென்றபடி, "இந்தப் பாடத்தைச் சரியாக விளக்கச் சொல்லி நான்தான் சொன்னேன். தப்பு என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவருக்கு அது பழக்கம்.

யார் பெயர் அதிகம் வந்தது என்று அந்த மரியாதைக்காரர் கேட்டார். சொன்னேன்.

"முத்தையாவா? யார் அது?" என்று பேசாதவரைத் திரும்பிப் பார்த்தார். அவரும் உதட்டைப் பிதுக்கினார். அவர்களுக்கு அப்படி ஒருத்தன் இருப்பதே தெரியாது. இருவரும் சிரித்துவிட்டு எழுந்து போனார்கள்.

ஆகக்கூடி முத்தையாவைக் காப்பாற்ற என்னிடம் எல்லாம் இருந்தது. படிவத்தில் எழுதியது நான் என்ற உண்மை இருந்தது, அந்த இருவரின் சிரிப்பும் இருந்தது. அடுத்த சனிக்கிழமை வகுப்பில் நின்று, "கோ லின் பெயரை எழுதிக் கொடுத்தது நான். முத்தையா இல்லை" என்று சொல்ல வேண்டும். பத்து வார்த்தைகூட இல்லை. அந்த வாரம் முழுக்கச் சோறு வடிக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் கணவருக்கு அரசாங்க வேலை, குடியிருந்தது அரசாங்கக் குவார்ட்டர்ஸ். அதைச் சாக்காகச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் பயந்துவிட்டேன், அதைவிட வெட்கமாக இருந்தது. பத்தொன்பது பேர் என்னை எப்படிப் பார்ப்பார்கள் என்ற வெட்கம்.

சனிக்கிழமை வந்தது. முத்தையா வந்திருந்தான். ஏழாவது நாள். கடைசி பெஞ்சில் தனியாக, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் கரும்பலகையைத் துடைத்தேன். சாக்பீஸை எடுத்தேன். ஸ்பார்ட்டா என்று எழுதினேன். இரண்டு ராஜாக்கள், முதியோர் சபை, ஏழு வயதில் தாயிடமிருந்து பிரிக்கிற பிள்ளைகள் என்று இரண்டு மணி நேரம் மூச்சுவிடாமல் நடத்தினேன். மணி அடித்தது. முத்தையா நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு போனான். அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை.

வகுப்போடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. பேச்சு பஸ் ஏறித் தாகேதாவுக்குப் போனது. அவன் டீக்கடையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்துபோனார்கள். கோவில் திருவிழாவில் அவன் அம்மாவுக்கு யாரும் பிரசாதம் நீட்டவில்லையாம். பிடித்துப் போன நாலாவது வருஷம், வடக்கே ஏதோ ஒரு சிறையில் கோ லின் காய்ச்சலில் செத்துப்போனான் என்று செய்தி வந்தது. அந்த வாரம் முத்தையாவின் வீட்டின் மேல் கல் விழுந்தது. வார்டு ஆபீசிலும், உன்னால் வம்பு என்று அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான் என்று மட்டும் தெரிந்தது. பத்து வருஷம் ஆனபோது நான் விரல்விட்டு எண்ணினேன். ஏதென்ஸாக இருந்தால் அன்றைக்குத் திரும்பி வந்திருப்பான். இங்கே யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவள் நான்தான்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். உங்கள் மேசைக்கும் ஒரு நாள் அப்படி ஒரு காகிதம் வரும். வேறு நிறத்தில், வேறு பெயரில் வரும். அதில் மாணவனைப் பற்றி நல்லதைக்கூட எழுதாதீர்கள். கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றால், பெரிய ஸயா மாதிரி உங்கள் பெயரையே எழுதுங்கள். முட்டாள் என்று பெயர் எடுப்பதால் யாரும் செத்துப்போவதில்லை. அப்புறம், தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முதல் சனிக்கிழமை சொல்லாததை இரண்டாவது சனிக்கிழமை சொல்ல முடியாது. எனக்குப் பதினைந்து வருஷம் பிடித்தது.

நான் ஓய்வு பெற்ற பிறகு, பெரும்புயல் ஊர் ஊராக வாரிக்கொண்டு போன மறு வருஷம், பழைய மாணவி ஒருத்தி ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலா படகுத் துறையில் முத்தையாவைப் பார்த்ததாகச் சொன்னாள். சைக்கா மிதிக்கிறானாம். எங்கள் வகுப்பின் டைப்பிஸ்ட், பக்கத்தில் ஆளை உட்காரவைத்துச் சைக்கிள் வண்டி மிதிக்கிறான். இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் முதலில் டவுனுக்குப் போய் ஜமாலைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவன் தூரிகையைக் கையில் பிடித்தபடியே நின்றான். பெயிண்ட் சொட்டியது. "ஏழு ஓடு நான் எழுதினேன் ஸயாமா" என்றான். என்னோடு வா என்று கூப்பிட்டேன். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

தனியாகத்தான் படகு ஏறினேன். பையில் அந்த ஓடு இருந்தது. டாலாத் துறையில் இறங்கியதும் சைக்காக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்சம் தள்ளி, வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முத்தையா நின்றிருந்தான். முடி முக்கால்வாசி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்தான்.

"வாங்க ஸயாமா. எங்க போகணும்?"

"உன்னைப் பார்க்கத்தான்பா வந்தேன்."

அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். புயலில் போய்விட்டார் என்றான். நான் படகில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் மறந்துபோனது. அழுதுகொண்டே ஏதோ சொன்னேன். கோ லின் பெயரை எழுதியது நான், எல்லோரிடமும் சொல்லப்போகிறேன், ஜமாலிடம் சொல்லிவிட்டேன் என்று முன்னும் பின்னுமாக உளறினேன். அவன் சைக்கா ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டான்.

"எனக்குத் தெரியுமே" என்றான்.

"தெரிஞ்சும் நீ ஏன்பா ஒரு வார்த்தை சொல்லலை? வகுப்புல எழுந்து சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா யாரு நம்புவா? இந்த ஆளு தப்பிக்கிறதுக்கு ஸயாமாவை மாட்டி விடறான்னு சொல்லுவாங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "அதுவும் இல்லாம, நீங்களே சொல்லுவீங்கன்னு நெனச்சேன். பத்து நாளும் காத்துக்கிட்டிருந்தேன். அந்த சனிக்கிழமை அதுக்குத்தான் வந்தேன். நீங்க ஸ்பார்ட்டான்னு எழுதினீங்க."

பையிலிருந்து ஓட்டை எடுத்து நீட்டினேன். அது அவனுடைய வாக்கு, பதினைந்து வருஷமாக எண்ணாமல் வைத்திருந்தேன், அவனிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தேன். முத்தையா வாங்கித் திருப்பிப் பார்த்தான். தன் கையெழுத்தை விரலால் ஒருமுறை தடவினான்.

அதற்குள் அடுத்த படகு வந்து, கூடையோடு ஒரு பெண் அவன் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் ஓட்டை என் கையிலேயே திரும்ப வைத்தான்.

"இதுல இருக்கிறது உங்க பேருதானே ஸயாமா. நீங்களே வெச்சுக்கங்க."

வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏறி மிதித்துப் போய்விட்டான்.